புதிய ஜொகூரின் பழைய தெருக்கள்

ஜொகூர் பாரு என்ற பெயரிலுள்ள 'பாரு' மலாய்ச் சொல். 'புதிய' என்று பொருள். ஜொகூர் ஆற்றங்கரையில் 'ஜொகூர் லாமா' என்று இன்னோர் ஊர் உண்டு. 'லாமா' என்றால் பழைய. அந்தப் பழைய ஜொகூர் 16-ஆம் நூற்றாண்டில் சுல்தான்களின் தலைநகராக இருந்தது. 1587-இல் போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழித்தார்கள். இன்று அது ஒரு சிற்றூர். புதிய ஜொகூரோ மாநிலத் தலைநகர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதன் மாநகர எல்லைக்குள் மட்டும் ஏறத்தாழ 8.58 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். புதியது என்று பெயர் வைத்துக்கொண்டே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிவிட்ட ஊர் இது.

பழைய நகரம் என்றால் மொரோக்கோவின் ஃபெஸ், துனீசியாவின் துனிஸ் போன்ற ஊர்களே பலருக்கு நினைவுக்கு வரும். சுற்றிலும் மதில், நடுவில் பெரிய பள்ளிவாசல், அதை ஒட்டி அத்தர் கடைத்தெரு, தள்ளிப் போகப் போகச் சாயம் தோய்ப்பவர்களும் தோல் பதனிடுபவர்களும் என்று தொழில் பார்த்துத் தெரு பிரித்த ஊர்கள் அவை. ஜொகூர் பாருவுக்கு மதிலும் இல்லை, கோட்டை வாசலும் இல்லை. செகெட் என்ற சிற்றாறும், எதிர்க்கரையில் சிங்கப்பூரைக் காட்டும் நீரிணையும்தான் அதற்கு எல்லை வகுத்தன. ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய சில தெருக்கள்தான் பழைய நகரம். அந்தத் தெருப்பெயர்களை வரிசையாகப் படித்தாலே ஊரின் வரலாறு பாதி தெரிந்துவிடும்: இப்ராஹிம், தான் ஹியோக் நீ, வோங் ஆ ஃபூக், மெல்ட்ரம், டோபி, உங்கு புவான்.

மலாக்கா 1511-இல் போர்த்துகீசியரிடம் வீழ்ந்த பிறகு, அந்த அரச வழியினர் 1528-இல் நிறுவியது ஜொகூர் சுல்தானகம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுல்தான் பட்டம் பெயருக்குத்தான் இருந்தது. நிலத்தையும் ஆட்களையும் கையில் வைத்திருந்தவர் தெமெங்கோங் என்ற பெரும்பதவிக்காரர். 1819-இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைத்தபோது உடன்படிக்கை செய்துகொண்டவர்களில் தெமெங்கோங் அப்துல் ரஹ்மானும் ஒருவர். அவருடைய மகன் டாயிங் இப்ராஹிம் சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் இருந்துகொண்டே ஜொகூர்க் காடுகளிலிருந்து வந்த கட்டாபெர்ச்சா மரப்பால் வணிகத்தில் பெரும் பணம் ஈட்டினார். கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட உலகம் அந்தப் பாலைத் தேடிய காலம் அது. பணத்தைத் தொடர்ந்து அதிகாரமும் வந்தது. 1855 மார்ச்சில் சுல்தான் அலி, 5,000 ஸ்பானிய டாலர் ரொக்கத்துக்கும் மாதம் 500 டாலர் படிக்கும், மூவார்ப் பக்கத்துச் சிறு பகுதி நீங்கலாக ஜொகூரின் ஆட்சியை டாயிங் இப்ராஹிமுக்கு விட்டுக்கொடுத்தார். அதே ஆண்டு, தஞ்சோங் புத்திரி என்ற மலாய் மீனவர் குடியிருப்பில் புதிய ஊருக்கு அடித்தளம் விழுந்தது.

டாயிங் இப்ராஹிம் 1862-இல் காலமானார். மகன் அபு பக்கார் 1866-இல் ஊருக்கு ஜொகூர் பாரு என்று பெயர் மாற்றினார். 1868-இல் மகாராஜா, 1885-இல் சுல்தான் என்று அவர் பட்டமும் உயர்ந்தது. ஐரோப்பா, ஜப்பான், துருக்கி என்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, பார்த்ததையெல்லாம் தன் ஊரில் செய்து பார்க்க விரும்பிய ஆட்சியாளர் அவர். எல்லாம் கைகூடவில்லை. 1869-இல் ஜொகூர் பாருவிலிருந்து புலாய் மலையை நோக்கி மரத்தண்டவாளத்தில் ரயில் விடத் தொடங்கினார்; தண்டவாளத்தைக் கறையான் தின்றுவிட்டது. வெப்பமண்டல ஈரத்தில் மரத்தை நம்பியதற்கு அது தண்டனை. ஜொகூர் லக்சாவில் அரிசி நூடுல்ஸுக்குப் பதில் இத்தாலியர் சாப்பிடும் ஸ்பாகெட்டி கிடப்பதற்கும் அவருடைய பயணங்களே காரணம் என்று ஊரில் சொல்வார்கள்.

ஊருக்குச் சோறு போட்டவை மிளகும் கம்பீரும். வெற்றிலை போடுகிறவர்களுக்குக் காசுக்கட்டியைத் தெரியும். கம்பீர் அந்த வகை. செடியின் இலையைக் கொதிக்க வைத்து, சாற்றை இறுக்கி, கட்டியாக வெட்டிக் காயவைப்பார்கள். வெற்றிலைக்குப் போனது கொஞ்சம். ஐரோப்பாவின் தோல் பதனிடும் தொழிலுக்கும் சாயத்துக்கும் போனதுதான் அதிகம். கொதிக்க வைத்தபின் மிஞ்சும் இலைச்சக்கை மிளகுக்கொடிக்கு எரு. அதனால் இரண்டு பயிரும் சேர்ந்தே வளர்ந்தன. அடுப்புக்கு விறகு வேண்டும், மண்ணும் சில ஆண்டுகளில் சத்து இழந்துவிடும். தோட்டம் ஓரிடத்தில் நிற்காமல் காட்டைத் தின்றுகொண்டே உள்ளே நகர்ந்தது.

இந்தத் தோட்டங்களை நடத்தியவர்கள் சீனர், பெரும்பாலும் தியோச்சியூ வழக்குப் பேசுகிறவர்கள். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு தலைவர். கங்சு என்பது அவர் பதவிப்பெயர். ஆற்றங்கரை நிலத்தைத் திறந்து பயிரிட தெமெங்கோங் கொடுத்த உரிமைச்சீட்டுக்கு 'சூராட் சுங்காய்', அதாவது ஆற்றுக்கடிதம், என்று பெயர். 1840-களில் தொடங்கிய இந்த முறை 1917-இல் ஒழிக்கப்பட்டது. முறை போனாலும் அடையாளம் போகவில்லை. ஜொகூர் மாநிலச் சின்னத்தில் இன்றும் மிளகும் கம்பீர் இலையும் இருக்கின்றன. சிங்கப்பூரின் சுவா சூ காங் என்ற பெயரிலும் அதே பழைய கங்சு ஒளிந்திருக்கிறார்.

தோட்டங்களின் சரக்கு இறங்கி ஏறிய இடம் செகெட் ஆற்றுக்கரை. அங்கேதான் கடைவீதி பிறந்தது. ஜவுளி வியாபாரியாகத் தொடங்கிய தான் ஹியோக் நீ 1870-இல் 'மேஜர் சைனா' என்ற பட்டம் பெற்று ஜொகூர்ச் சீனரின் தலைவரானார். பின்னாளில் சிங்கப்பூருக்குப் போய், அங்கு கட்டிய பெரிய வீடு இன்னும் நிற்கிறது. ஜொகூர் பாருவில் அவர் பெயரைத் தாங்கி நிற்பது பழைய நகரத்தின் நடுத்தெரு. வோங் ஆ ஃபூக் கந்தோனீஸ் தச்சர். சிங்கப்பூருக்கு இளைஞராக வந்து, ஒப்பந்தக்காரராக உயர்ந்து, அபு பக்காரின் அரண்மனையையே கட்டினார். ஆற்றை ஒட்டிய நிலம் அவருக்குக் கிடைத்தது. கம்போங் வோங் ஆ ஃபூக் என்று ஒரு குடியிருப்பே எழுந்தது. இன்று ஊரின் முதன்மைச் சாலை அவர் பெயரில்தான் ஓடுகிறது. மெல்ட்ரம் தெரு ஜேம்ஸ் மெல்ட்ரம் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பெயர்; 1860-களில் இங்கே நீராவி மரஅறுவை ஆலை நடத்தியவர். அரசர், ஜவுளிக்காரர், தச்சர், மரஆலை முதலாளி. சாலைப்பெயர்ப் பலகைகளில் தளபதிகளைவிடத் தொழில்காரர்கள் அதிகம் இருப்பது இந்த ஊருக்குப் பெருமைதான்.

டோபி தெருவில் ஒரு தனிமனிதர் பெயர் இல்லை. துணி வெளுத்த இந்தியத் தொழிலாளர்களின் தொழிலே தெருப்பெயராகிவிட்டது. செல்வர்களுக்குத் தனித்தனிப் பெயரும் வெளுத்தவர்களுக்கு மொத்தமாக ஒரு பெயரும் கிடைத்ததைக் கவனிக்காமல் அந்தத் தெருவைக் கடப்பது கடினம்.

அரண்மனையான இஸ்தானா பெசார் 1866-இல் முடிந்தது. நீரிணையைப் பார்த்தபடி, அகன்ற புல்வெளிக்கு நடுவே, ஐரோப்பியப் பாணியில் நிற்கும் வெள்ளைக் கட்டடம். அதற்கு மேற்கே, மேட்டின் மீது, சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசல். 1892-இல் பணி தொடங்கி 1900-இல் முடிந்தது. அபு பக்கார் அதைப் பார்க்கவில்லை; 1895-இல் லண்டனில் காலமானார். பள்ளிவாசலின் மினாராக்களைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் ஏதோ ஆங்கிலேய நகரத்து மணிக்கூண்டு என்றே நினைப்பார்கள். விக்டோரியா காலத்துக் கட்டடக்கலையோடு, வட ஆப்பிரிக்காவிலும் ஸ்பெயினிலும் வளர்ந்த மூரியப் பாணியின் சாயலும் சேர்ந்திருக்கிறது. கலவை எடுபட்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். வெளிர்நீலமும் வெள்ளையுமாக, கடற்காற்றில், கனம் தெரியாமல் நிற்கிறது.

துருஸ் தெருவில் இருக்கிறது ஜொகூர் பழைய சீனக் கோவில். அங்குள்ள பலகை 1870-ஆம் ஆண்டைச் சொல்கிறது. ஒரே கூரையின் கீழ் ஐந்து தெய்வங்கள். தியோச்சியூ, ஹொக்கியன், கந்தோனீஸ், ஹக்கா, ஹைனான் ஆகிய ஐந்து வழக்கினருக்கும் ஆளுக்கொன்று. மற்ற ஊர்களில் இந்தக் குழுக்கள் தனித்தனிக் கோவில் கட்டிக்கொண்டு, சில நேரம் அடித்துக்கொண்டும் இருந்த காலத்தில், இங்கே ஒன்றாக வைத்தது சாதாரணச் செய்தியல்ல. சீனப் புத்தாண்டின் முதல் மாதம் 20-ஆம் நாள் தெய்வங்கள் பல்லக்கில் வெளியே கிளம்பும். 21-ஆம் நாள் இரவு ஐந்து பல்லக்குகளும் நகரைச் சுற்றி வரும். சிங்கே என்ற அந்த ஊர்வலத்தில் பல்லக்கைச் சும்மா தூக்கிப் போவதில்லை, குலுக்கியபடியே போவார்கள். எந்தக் குழு அதிகம் குலுக்குகிறது என்பதில் ஒரு போட்டி உண்டு. தமிழ்நாட்டுக் கோவில் உற்சவத்தில் சப்பரம் தூக்கிப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

அந்தக் கோவிலிலிருந்து சில நிமிட நடையில் 1883-இல் எழுந்த அமலோற்பவ மாதா கோவிலும், ஒரு குருத்துவாராவும், ராஜமாரியம்மன் கோவிலும் இருக்கின்றன. தோட்டத்திலும் ரயில்பாதையிலும் உழைக்க வந்த தமிழர்களின் தொகை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருகியது. கம்பீர் விலை சரிந்து, கித்தா என்ற ரப்பர் மரம் அந்த இடத்தைப் பிடித்த காலம் அது. கங்காணிமார் ஊர் ஊராக ஆள் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். இந்தியர்களின் தலைவராக இருந்த கூத்தப்பெருமாள் வாண்டையார், அபு பக்காரின் மகனான சுல்தான் இப்ராஹிமிடம் நிலம் கேட்க, 1911-இல் மாரியம்மனுக்கு இடம் கிடைத்தது. அரசர் கொடுத்த நிலம் என்பதால்தான் அம்மனுக்கு 'ராஜ' என்ற அடைமொழி சேர்ந்தது என்பார்கள். பெரும்பாலான மலேசியத் தோட்டங்களில் மாரியம்மன் கோவில் கித்தா மரங்களுக்கு நடுவே, தொழிலாளர் லயத்துக்கு அருகில் இருக்கும். தோட்டம் விற்கப்பட்டால் கோவிலுக்கும் ஆபத்து. நகரத்தின் நடுவே அரசு நிலம் பெற்ற அம்மனுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

கோவிலை ஒட்டிய உங்கு புவான் தெருவே இன்றைய லிட்டில் இந்தியா. நீளம் அதிகமில்லை. வாசலில் பூக்கடைகள், மேசை மேல் வாழையிலை விரித்து, மல்லிகையைச் சரமாகத் தொடுத்து, நீர் தெளித்து வைத்திருப்பார்கள். சாமிக்கு மாலை, கல்யாணத்துக்கு மாலை, வண்டிக்கு மாலை என்று விலை வேறு வேறு. அடுத்தடுத்து மளிகை, சேலை, பித்தளைப் பாத்திரம், நகை, சாப்பாட்டுக்கடை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தற்காலிகக் கடைகள் முளைத்துத் தெருவில் நடக்க இடம் இருக்காது. நாணய மாற்று மதிப்பைக் கணக்குப் போட்டுக்கொண்டு சிங்கப்பூர்த் தமிழர்களும் வந்து குவிவார்கள். தைப்பூசம் ஜொகூர் மாநிலத்தில் பொதுவிடுமுறை.

தெப்ராவ் சாலைப் பக்கம், ரயில்பாதைக்கு அருகில், இன்னொரு தமிழ்க் கோவில் உலகப் பயணிகளை இழுக்கிறது. 1922-இல் ஒரு சாதாரணக் கொட்டகையாகத் தொடங்கிய ராஜகாளியம்மன் கோவில், 2009-இல் கண்ணாடிக் கோவிலாக மாறியது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, ஊதா, வெள்ளை நிறங்களில் சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள் சுவர், தூண், கூரை எல்லாவற்றையும் மூடியிருக்கின்றன. உள்ளே ஒரு சுவரில் உருத்திராட்சம் பதித்திருக்கிறார்கள். 2010-இல் மலேசியச் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. பகலில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும்போது கண் கூசும். பழைமை தேடி வருகிறவர்களுக்கு அது சற்று மிகையாகத் தோன்றலாம். விளக்கேற்றும் மாலை நேரத்தில் போனால் கருத்து மாறும்.

ஊரின் தலையெழுத்தை மாற்றியவை ரயிலும் பாலமும். ஜொகூர் அரசு ரயில்பாதை 1909-இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவரை முடிந்தது. ஆனால் சிங்கப்பூருக்குப் போகப் படகு ஏற வேண்டும். அந்த இடைவெளியை அடைக்க 1919-இல் கருங்கல்லைக் கொட்டத் தொடங்கினார்கள். 1923-இல் ரயில் ஓடியது. 1924 ஜூன் 28-இல் முறைப்படி திறப்புவிழா. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே நீளமான இந்தக் கடற்பாதையை மலாய்க்காரர் தாம்பாக் என்பார்கள். அது வந்தபின் ஆற்றங்கரைக் கடைவீதி எல்லைக் கடைவீதியாக மாறிவிட்டது. பதினெட்டு ஆண்டுகளில் அந்தப் பாதையே போரின் பாதையாகவும் ஆனது. 1942 ஜனவரி 31-இல் கடைசி வீரர்கள் சிங்கப்பூருக்குள் கடந்ததும் பிரிட்டிஷார் அதை வெடிவைத்து உடைத்தார்கள். ஜப்பானியர் பிப்ரவரி 8 இரவு படகுகளில் கடந்தார்கள். ஒரே வாரத்தில் சிங்கப்பூர் விழுந்தது. ஜப்பானியத் தளபதி யமாஷிதா அந்தத் தாக்குதலை நடத்தியது ஜொகூர் பாருவின் புக்கிட் செரேன் அரண்மனைக் கோபுரத்திலிருந்து. திம்பாலான் குன்றின் மீது அப்போதுதான் எழுந்திருந்த சுல்தான் இப்ராஹிம் கட்டடத்தின் 64 மீட்டர்க் கோபுரமும் அவர்களுக்குக் கண்காணிப்பு இடமாகப் பயன்பட்டது. மாநில அரசு அலுவலகங்கள் பல்லாண்டு அங்கேயே இருந்து, பிறகு கோத்தா இஸ்கந்தாருக்குப் போயின.

பழைய நகரத்தின் கடைகள் இரண்டு மாடிக் கட்டடங்கள். கீழே வியாபாரம், மேலே குடும்பம். முன்னால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க அஞ்சடி என்ற நடைவழி. தான் ஹியோக் நீ தெருவின் ஹியாப் ஜூ ரொட்டிக்கடை 1919-இலிருந்து விறகடுப்பில் சுட்டுக்கொண்டிருக்கிறது. செங்கல் அடுப்பின் வாய் சிறியது, உள்ளே ஆழம். நீளக் காம்புள்ள மரத்துடுப்பில் தட்டை ஏற்றி உள்ளே தள்ளி, அதே துடுப்பால் இழுத்து எடுப்பார்கள். புகைவாசம் ஏறிய வாழைப்பழக் கேக்குக்கு அஞ்சடியில் வரிசை நிற்கும், தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான். டோபி தெருவில் சலாஹுதீன் ரொட்டிக்கடை 1937-இலிருந்து இருக்கிறது. துருஸ் தெருவில் 1946-இல் தொடங்கிய ஹுவா முய், ஹைனான்காரர்கள் ஆங்கிலேயர் சமையலறையில் கற்றுவந்த கோழிச்சாப்ஸைப் பளிங்கு மேசையில் வைக்கிறது.

அண்மைக் காலம் வரை, இருட்டியபின் செகெட் ஆற்றை ஒட்டிய பகுதியில் பசார் காராட் என்ற சந்தை கூடிவந்தது. 'காராட்' என்றால் துரு. பெயருக்கேற்ப, பழைய கைக்கடிகாரம், கைபேசி, திருகாணி, சப்பாத்து, நாணயம் என்று துணி விரித்து அதன் மேல் பரப்பியிருப்பார்கள். பக்கத்திலேயே புத்தம்புதுச் சட்டைகளும் பொரித்த தின்பண்டமும். விலை பேசாமல் வாங்குகிறவரைக் கடைக்காரரே ஒருமாதிரிப் பார்ப்பார். ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வாரவிடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரியிலிருந்து மீண்டும் சனி, ஞாயிறு. அதோடு கடைக்காரர்களின் கணக்கும் மாறியது.

இந்தக் கடைவீதியைப் பெற்ற ஆறு நல்ல கதியை அடையவில்லை. நகரம் பெருக, செகெட் சாக்கடையானது. நாற்றம் தாங்காமல் 2000-களில் மேலே தளம் போட்டு மூடினார்கள். பின்னர் தவறு புரிந்து, மூடியதைத் திறந்து, நீரைச் சுத்தம் செய்து, கரையில் நடைபாதை அமைத்தார்கள். மூடவும் செலவு, திறக்கவும் செலவு. 1994 ஜனவரி 1-இல் மாநகரத் தகுதி பெற்ற பிறகு வணிக வளாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பழைய தெருக்களிலிருந்து கூட்டம் வடிந்ததும் வாடகை தணிந்தது, இடிக்கும் ஆசையும் தணிந்தது. அஞ்சடியும் விறகடுப்பும் தப்பியதற்கு அந்த அலட்சியமும் ஒரு காரணம். 2009-இல் இப்ராஹிம் தெருவில் சீனர் பாரம்பரிய அருங்காட்சியகம் திறந்தது. தான் ஹியோக் நீ தெருவின் பழைய கடைவீடுகளில் கோப்பிக்கடைகளும் ஓவியக்கூடங்களும் குடியேறின.

1909-இல் திறந்த பழைய ரயில் நிலையம் 2010 அக்டோபர் 21-இல் மூடப்பட்டது. அருகில் எழுந்த ஜேபி சென்ட்ரல் அதன் வேலையை எடுத்துக்கொண்டது. நாள்தோறும் லட்சக்கணக்கானோர் எல்லையைக் கடக்கும் வழி அது. அவர்களில் பெரும்பாலோர் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் பழைய தெருக்களைப் பார்ப்பதே இல்லை. ராஜமாரியம்மன் கோவிலும் ஐந்து தெய்வக் கோவிலும் 1919-ஆம் ஆண்டு அடுப்பும் அந்த நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. ரொட்டிக்குக் காலையில் போக வேண்டும்.